ஓய்வு பெற்றபின் முதல் தடவையாக ஆர்.வி.யில் புளோரிடா: ஜனவரியில் கிளம்பலாமா?

ஸ்காபரோ_தாத்தா

எல்லோருக்கும் வணக்கம். 1989இல் கனடா வந்ததிலிருந்து ஒரு வருடமும் தவறாமல் வாசலில் ஸ்னோ தள்ளியிருக்கிறேன். போன ஜூனில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன், 65 முடிந்துவிட்டது, இந்த ஒரு குளிர்காலமாவது வெயிலில் இருந்து பார்க்கவேண்டும் என்று நானும் மனைவியும் முடிவெடுத்து ஆகஸ்டில் ஒரு பழைய ஆர்.வி. (உள்ளேயே படுக்க, சமைக்க வசதியுள்ள வண்டி) வாங்கினோம். 2013ஆம் ஆண்டு மொடல், 24 அடி, சாரதி இருக்கைக்கு மேலே கட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வகை. செப்டம்பரில் சாண்ட்பாங்ஸ் பூங்காவில் இரண்டு இரவு தங்கிப் பார்த்தோம், அடுப்பு, குளிர்சாதனப்பெட்டி, கழிப்பறை எல்லாம் வடிவாக வேலை செய்தன.

திட்டம் இதுதான்: ஜனவரி 4 கிளம்பி, பஃபலோ வழியாகப் போய், மூன்று நாளில் ஓடி முடித்து, டாம்பா பக்கம் மார்ச் கடைசிவரை இருப்பது. இடம் எதுவும் பதிவு செய்யவில்லை, போய்ப் பார்த்து வசதியான இடத்தில் நிறுத்தலாம் என்று நினைத்தேன். வழியில் வால்மார்ட் வளவில் படுக்கலாம் என்கிறார்கள், உண்மையா? தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார், உள்ளே ஹீட்டர் ஓடினால் போதாதா? மருத்துவக் காப்புறுதி கடனட்டையோடு வருவது இருக்கிறது, அது போதுமா? எனக்குச் சர்க்கரை இருக்கிறது, குளிசையில் கட்டுப்பாடாகத்தான் இருக்கிறது, ஒக்டோபர் 28 டாக்டரிடம் போனபோது அளவைக் கொஞ்சம் கூட்டினார், மற்றப்படி ஒன்றுமில்லை.

மனைவிக்கு இன்னும் பயம் போகவில்லை. "நடுவழியில் நின்றால் யாரைக் கூப்பிடுவது?" என்று ஒவ்வொரு இரவும் கேட்கிறார். அவருடைய ஒரே ஆசை, சமையலறை ஜன்னலில் பன்னிரண்டு வருடமாக வளர்க்கும் கறிவேப்பிலைச் சட்டியையும் கொண்டுபோய் வெயில் காட்டவேண்டும் என்பது. போய்வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

தெற்குப்பறவை

அண்ணை, முதலில் சந்தோஷம். நாங்கள் எட்டுக் குளிர்காலம் போய்வந்துவிட்டோம், முதல் வருடம் நீங்கள் எழுதியிருக்கும் அதே திட்டத்தோடுதான் கிளம்பினோம், அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தண்ணீர்தான் முதல் அலுவல். ஹீட்டர் ஓடினாலும் போதாது, ஏனென்றால் உங்கள் வண்டியின் குழாய்கள் எல்லாம் சூடான அறைக்குள்ளே போகவில்லை, சில தரைக்குக் கீழே, சில வெளிச்சுவர் ஓரமாகப் போகின்றன. கழிவுத் தாங்கிகளும் அவற்றின் வால்வுகளும் வண்டியின் வயிற்றில் குளிர்காற்றில் தொங்குகின்றன. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், மைனஸ் 12இல் ஓடும்போது உள்ளே நீங்கள் சட்டையோடு இருப்பீர்கள், கீழே எல்லாம் கல்லாகிவிடும். அதனால் நாங்கள் தண்ணீரே இல்லாமல்தான் கிளம்புவோம். தாங்கியையும் வோட்டர் ஹீட்டரையும் முழுதாக வடித்துவிட்டு, குழாய்களுக்குள் அந்த இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் (குளிரில் உறையாத திரவம்) ஏற்றிவிட வேண்டும். காருக்கு ஊற்றும் பச்சையை எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள், அது நஞ்சு. வோட்டர் ஹீட்டருக்கு பைபாஸ் வால்வு இருக்கும், அதைத் திருப்பாமல் ஏற்றினால் கேலன் கணக்கில் ஆன்டிஃப்ரீஸ் ஹீட்டருக்குள்ளே போய் வீணாகும். வழியில் குடிக்க, சமைக்க, பல் தீட்டப் போத்தல் தண்ணீர். கழிப்பறைக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்பை ஆன்டிஃப்ரீஸ். மூன்று நான்கு நாளைக்கு இது ஒரு கஷ்டமே இல்லை.

தெற்கு ஜோர்ஜியா போனபிறகு வானிலை பார்த்து, இரவிலும் உறைநிலைக்குக் கீழே போகாது என்றால் குழாயைத் திறந்து நுரை போகும்வரை கழுவுங்கள். பிறகு தாங்கியில் 15 கேலனுக்குக் கால் கப் என்ற கணக்கில் சாதாரண ப்ளீச் கலந்து, எல்லாக் குழாயிலும் ஓடவிட்டு, சில மணிநேரம் வைத்து, திரும்பக் கழுவவேண்டும். புளோரிடா எல்லை தாண்டியதும் குளிர் முடிந்தது என்று நினைக்கவேண்டாம். ஒக்காலா பக்கம் ஜனவரி இரவுகளில் உறைவது உண்டு, 2025 ஜனவரியில் புளோரிடாவின் வடமேற்கு மூலையில் பனியே கொட்டியது. அப்படியான இரவில் வெளிக்குழாயைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டுப் படுங்கள்.

அடுத்தது பாதை. தூரத்தைப் பார்த்தால் பஃபலோ வழி ஆசை காட்டும். ஆனால் ஜனவரியில் பஃபலோவிலிருந்து ஈரி நகர் வரை நெடுஞ்சாலை ஏரியை ஒட்டியே போகிறது, ஈரி ஏரி உறையாமல் இருக்கும்வரை ஒரு மணிநேரத்தில் கண் தெரியாத அளவுக்குப் பனி கொட்டிவிடும். பிறகு 77ஆம் நெடுஞ்சாலையில் மேற்கு வெர்ஜினியா மலைகள், அவற்றுக்குத் தெற்கே ஃபான்சி காப் என்ற இறக்கம், மூடுபனிக்குப் பேர்போன இடம். 24 அடி வண்டியை முதல் தடவை ஓட்டுகிறவருக்கு நான் அந்த வழி சொல்லமாட்டேன். 401ஆம் நெடுஞ்சாலையில் வின்சர் போய், டிட்ரோயிட் பாலம் கடந்து அமெரிக்காவின் 75ஆம் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். சுரங்கப்பாதைப் பக்கம் போகவேண்டாம், ஆர்.வி.க்குப் பாலம்தான். ஒன்ராறியோவின் லண்டன் பக்கம் மட்டும் ஹியூரன் ஏரிப் பனி வரும், அதைத் தாண்டினால் ஒஹாயோ தட்டையான நாடு. கென்டக்கி முடிந்து டெனசிக்குள் நுழையும் இடத்தில் ஜெலிக்கோ மலை, அங்கே பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்காமல் சிறிய கியரில் விட்டு இறங்குங்கள். அட்லாண்டாவைக் காலையிலும் மாலையிலும் தொடவேண்டாம், ஞாயிறு காலை கிடைத்தால் புண்ணியம். அட்லாண்டாவுக்குத் தெற்கே ரிவர்டேலில் பெருமாளுக்கும் சிவனுக்கும் கோயில் இருக்கிறது, 75க்குக் கிட்ட, நாங்கள் ஒவ்வொரு வருடமும் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவோம்.

டாம்பாவுக்கு ஏறத்தாழ 2,200 கி.மீ. மூன்று நாளில் முடிக்கலாம்தான், ஆனால் முடித்தபிறகு உங்கள் மனைவி திரும்ப அந்த வண்டியில் ஏறமாட்டார். நாளுக்கு 450 கி.மீ. போதும், நாலு மணிக்கு நிறுத்திவிடுங்கள். குளிர்காலத்தில் இருட்டியபிறகு புது இடத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கிற வேலை வேண்டாம். வால்மார்ட் உண்மைதான், ஆனால் எல்லாக் கடையும் விடுவதில்லை, அந்தந்தக் கடை மனேஜரைப் பொறுத்தது, உள்ளே போய்க் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். புளோரிடாவின் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் மூன்று மணிநேரத்துக்கு மேல் நிற்க விடமாட்டார்கள்.

போய்ப் பார்த்து இடம் பிடிக்கலாம் என்று நாங்களும் நினைத்தோம், ஒன்பது நாளில் ஆறு இடம் மாறினோம். புளோரிடா அரசுப் பூங்காக்களில் அந்த மாநிலத்தவர் 11 மாதம் முன்னாலேயே பதிவு செய்யலாம், 2024இலிருந்து வெளியாருக்கு 10 மாதம்தான், ஜனவரி, பெப்ரவரிக்கு நல்ல இடமெல்லாம் எப்போதோ போயிருக்கும். நீங்கள் கடற்கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம், செஃபிர்ஹில்ஸ், லேக்லாண்ட் மாதிரி ஊர்களில் மாத வாடகைக்குத் தேடுங்கள். நாள் கணக்கைவிட மாதக் கணக்கு நன்றாக மலிவு, மின்சாரம் மட்டும் மீற்றர் பார்த்துத் தனியாக எடுப்பார்கள். ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பத்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியைச் சில இடங்களில் சேர்க்கமாட்டார்கள், உங்களுடையது 2013. படம் அனுப்பச் சொன்னால் கழுவித் துடைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

மார்க்கம் அக்கா

அண்ணை, குழாய் வெடித்தால் காசோடு போகும். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் குளிசை விஷயம்தான் எனக்கு நெஞ்சை அடைத்தது. தயவுசெய்து இதைப் பொறுமையாக வாசியுங்கள்.

ஆறு வருடத்துக்கு முன் நாங்கள் போனபோது என் கணவருக்குப் பிரஷர் குளிசையை நவம்பரில் டாக்டர் குறைத்தார். நல்ல செய்திதானே என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம். ஜனவரியில் புளோரிடாவில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு வைத்துப் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை என்று விட்டார்கள். பில் 38 ஆயிரம் அமெரிக்க டொலர். நாங்கள் முறையாகக் காசு கட்டி எடுத்த காப்புறுதி, ஆனால் அவர்கள் தரமாட்டோம் என்றார்கள். காரணம், கிளம்புவதற்கு முந்திய 90 நாளில் மருந்தின் அளவு மாறியிருக்கிறது, ஆகவே அந்த வருத்தம் "நிலையாக" இல்லை. குறைத்தாலும் அது மாற்றம்தான், கூட்டினாலும் மாற்றம்தான், புதுக் குளிசை சேர்த்தாலும், பரிசோதனை ஒன்றுக்கு எழுதிக்கொடுத்து அதன் முடிவு வராமல் இருந்தாலும்கூட மாற்றம்தான். எட்டு மாதம் கடிதம் எழுதி, கடைசியில் ஆஸ்பத்திரிக்காரரோடு நேரே கதைத்துத் தொகையைக் குறைத்துக் கட்டினோம். அந்த எட்டு மாதமும் அவர் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

ஒன்ராறியோ அரசுக் காப்புறுதி வெளிநாட்டில் தருவது மிகக் கொஞ்சம், ஆஸ்பத்திரியில் தீவிர கவனிப்பு என்றால் நாளுக்கு 400 கனேடிய டொலர்வரை, சாதாரண வார்டு என்றால் 200. அமெரிக்காவில் அது ஒரு மணிநேரத்துக்கும் காணாது. கடனட்டையோடு வருகிற காப்புறுதியைப் பற்றி உடனே அழைத்துக் கேளுங்கள், 65 ஆனதும் பல அட்டைகளில் சில நாட்களுக்குத்தான் பாதுகாப்பு, மூன்று மாதத்துக்கு இல்லை. தனியாக எடுக்கும்போது உங்கள் மருந்துச் சீட்டு, கடைசி டாக்டர் பார்த்த தேதி எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள்வித்தாளை நிரப்புங்கள். "ஒக்டோபர் 28 அளவு கூட்டினார், நான் எந்தத் தேதிக்குப் பிறகு கிளம்பினால் சர்க்கரைக்கும் பாதுகாப்பு உண்டு?" என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சில திட்டங்களில் 90 நாள், சிலவற்றில் 180 நாள். டாக்டரிடமும் சொல்லிவையுங்கள், கிளம்பும்வரை அவசியம் இல்லாமல் எதையும் மாற்றவேண்டாம் என்று. அவசியம் என்றால் மாற்றத்தான் வேண்டும், அப்போது பயணத்தைத் தள்ளுங்கள், குளிசையைத் தள்ளவேண்டாம்.

இன்னொன்று எல்லை. அமெரிக்காவில் 30 நாளுக்கு மேல் தங்கும் கனேடியர்கள் பதிவு செய்யவேண்டும் என்ற விதியை 2025 ஏப்ரல் 11 முதல் கண்டிப்பாக்கியிருக்கிறார்கள். தரைவழியாகப் போகிறவர்களுக்கு ஐ-94 என்ற நுழைவுப் பதிவு தானாகக் கிடைப்பதில்லை, முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு எல்லையில் கேட்டு வாங்குங்கள், அது இருந்தால் தனியாகப் பதியத் தேவையில்லை. நாள் கணக்கையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள், எல்லை தாண்டிய நாளும் திரும்பிய நாளும்கூட முழு நாளாகத்தான் கணக்கு. அமெரிக்க வரிக்காரர் இந்த வருட நாட்களோடு போன வருடத்தில் மூன்றிலொன்று, அதற்கு முந்திய வருடத்தில் ஆறிலொன்று சேர்த்துப் பார்ப்பார்கள், 183 வந்தால் படிவம் நிரப்பவேண்டும். மூன்று மாதத்துக்கு உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் பழக்கம் முதல் வருடத்திலேயே வரட்டும்.

கறிவேப்பிலை, சொல்ல எனக்கே கவலையாக இருக்கிறது, கொண்டுபோக முடியாது. சட்டியும் முடியாது, ஒரு கொத்துப் பச்சை இலைகூட முடியாது. தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் ஒரு நோயைப் பரப்புகிற சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் விரும்பித் தங்கும், கறிவேப்பிலையும் அதே குடும்பம். 2005இல் அந்த நோய் புளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து அங்கே தோட்டம் தோட்டமாக அழிந்துபோயின, அவர்களுடைய பயம் நியாயமானது. எல்லையில் கேட்கும்போது சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். தூள் கொண்டுபோகலாம், அரிசி அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அண்ணை, மீன்குழம்பு வைக்க வெளியில் பாவிக்கிற சின்ன அடுப்பு ஒன்று அக்காவுக்கு வாங்கிக் கொடுங்கள். உள்ளே வைத்தால் மெத்தையில் மூன்று நாள் மணக்கும்.

பிராம்டன் மெக்கானிக்

வணக்கம் ஐயா. மேலே ரெண்டு பேரும் முக்கியமானதைச் சொல்லிவிட்டார்கள், நான் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், முப்பது வருஷமாக இந்தக் கையில்தான் ஸ்பேனர்.

டயரைப் பாருங்கள். ஆர்.வி. டயர் தேய்ந்து போவதில்லை, நின்ற இடத்தில் நின்று வயசாகிப் போகிறது. பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துக்குப் பின்னால் கடைசி நாலு எண் இருக்கும், 2317 என்றால் 2017ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. ஏழு வருஷம் தாண்டியிருந்தால் பட்டன் (டயரின் மேல்வரிப் பள்ளம்) எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். உங்கள் வண்டியில் ஆறு டயர், செலவுதான், ஆனால் பின்னால் ஒரு டயர் வெடித்தால் அடியில் இருக்கும் பைப், வயர் எல்லாவற்றையும் அடித்துக் கிழித்துக்கொண்டு போகும். இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயருக்குக் காற்று பார்க்க எல்லோரும் சோம்பல்படுவார்கள், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வண்டியில் புரொப்பேன் கசிவுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் அலாரம் இருக்கும். பச்சை விளக்கு எரிவதால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். அதற்கு ஆயுள் பொதுவாக 5 முதல் 7 வருஷம்தான், பின்னால் தேதி அடித்திருக்கும். 2013 வண்டியில் பழையதே இருந்தால் கிளம்பும் முன் புதுசு போடுங்கள். எவ்வளவு குளிர் என்றாலும் சமையல் அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்காதீர்கள்.

வால்மார்ட்டில் படுக்கிறீர்கள் என்றால் அங்கே கரண்ட் கிடையாது. ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் காற்றைத் தள்ளும் ஃபேன் பேட்டரியில்தான் ஓடுகிறது. ஒஹாயோ குளிரில் அது நிற்காமல் ஓடும், ஒரே ஒரு பழைய பேட்டரி என்றால் விடிவதற்குள் படுத்துவிடும், அப்புறம் ஹீட்டரும் நின்றுவிடும். அதனால் குளிர்ப் பகுதியில் வரும் முதல் ரெண்டு இரவும் கரண்ட் உள்ள முகாமிலோ மோட்டலிலோ தங்குங்கள். மோட்டலில் தங்கினால் ஆர்.வி. பயணம் கெட்டுப்போகாது. கரண்ட் கிடைத்தாலும் உங்கள் வண்டி 30 ஆம்ப், அதாவது 3,600 வாட். மின் ஹீட்டர் 1,500, கெட்டில் 1,500, இந்த ரெண்டோடு மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழும். விழுந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஒன்றை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள், இதை உங்கள் வீட்டு அம்மாவுக்கும் செய்து காட்டுங்கள்.

அம்மா கேட்கும் கேள்விக்குப் பதில்: ஆர்.வி.யைத் தூக்கக்கூடிய சாலை உதவித் திட்டம் தனியாக இருக்கிறது. சாதாரணக் கார் உறுப்பினர் அட்டையில் இந்த எடை வண்டியை இழுக்கமாட்டார்கள், உங்களிடம் இருப்பதில் ஆர்.வி. சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, அந்த எண்ணை அம்மா போனிலும் பதிந்து கொடுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு சனிக்கிழமை அவரையும் கால் மணிநேரம் காலியான பார்க்கிங்கில் ஓட்டச் சொல்லுங்கள். உங்கள் சாதாரண ஜி கார் லைசென்ஸே இந்த வண்டிக்குப் போதும், அவருக்கும் அதே.

ஸ்காபரோ_தாத்தா

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்றும் இன்றும் போனிலேயே இருந்தேன்.

கடனட்டைக் காப்புறுதி, அக்கா சொன்னதுபோலவே, 65க்கு மேல் நான்கு நாள்தான். இரண்டு வருடமாக அதை நம்பிக்கொண்டிருந்தேன். தனிக் காப்புறுதியில் விசாரித்தேன், நான் கேட்ட திட்டத்தில் 90 நாள் விதி, அளவு கூட்டிய நாளிலிருந்து எண்ணினால் ஜனவரி 26 வருகிறது. அதற்கு முன் கிளம்பியிருந்தால் சர்க்கரையால் வரும் எதற்கும் ஒரு சதமும் கிடைத்திருக்காது, அதுவும் நான் காசு கட்டியபிறகு. எழுத்தில் கேட்டிருக்கிறேன், அனுப்புகிறோம் என்றார்கள்.

அதனால் பயணத்தை ஜனவரி 29க்குத் தள்ளிவிட்டோம், ஏப்ரல் 10 திரும்புவது, கொப்பியில் எண்ணிப் பார்த்தேன், 72 நாள். மனைவிக்கு இதில் பெரிய நிம்மதி, தைப்பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். வின்சர் வழி, ஐந்து நாள், முதல் இரண்டு இரவும் மோட்டல். செஃபிர்ஹில்ஸில் ஒரு இடத்தில் பெப்ரவரி நடுவிலிருந்து ஒரு மாதத்துக்கு இடம் இருக்கிறதாம், வண்டியின் படம் கேட்டார்கள், கழுவிவிட்டு அனுப்பவேண்டும். அதுவரை பத்து நாளுக்கு ஜோர்ஜியாவில் எங்காவது நிற்கலாமா என்று பார்க்கிறேன்.

டயரின் நாலு எண்ணையும் டோர்ச் அடித்துப் பார்த்தேன் தம்பி. ஐந்து டயர் 2021. உள்பக்க டயர் ஒன்று மட்டும் 2012, வண்டியோடு வந்தது. நாளைக்கே மாற்றக் கொடுக்கிறேன்.

கறிவேப்பிலை பற்றிச் சொன்னபோது மனைவி கொஞ்சநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, மகள் வீட்டில் விட்டுவிட்டுப் போவோம் என்றார்.

தெற்குப்பறவை

அண்ணை, நல்ல முடிவு. பத்து நாளைக்கு ஜோர்ஜியாவில் வால்டோஸ்டா, டிஃப்டன் பக்கம் 75ஐ ஒட்டியே முகாம்கள் இருக்கின்றன, வார வாடகை கேளுங்கள். ஆன்டிஃப்ரீஸைக் கழுவித் தாங்கியைச் சுத்தம் செய்ய அந்தப் பத்து நாள் உங்களுக்கு வசதியாகவும் இருக்கும். கழிவுத் தாங்கி பற்றி எழுத மறந்துவிட்டேன்: மாத வாடகை இடத்தில் குழாய் நிரந்தரமாகப் பொருத்தியிருக்கும், அதற்காகக் கழிப்பறைத் தாங்கியின் வால்வைத் திறந்தே விடவேண்டாம். தண்ணீர் மட்டும் ஓடிப்போய் மற்றது அடியில் இறுகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் அதைத் திறந்து விடுங்கள், பிறகு குளியல் தண்ணீர்த் தாங்கியைத் திறந்தால் குழாயும் கழுவுப்படும்.

மார்க்கம் அக்கா

26ஆம் தேதிக்குப் பிறகு என்று எழுத்தில் வந்ததும் மட்டும் இங்கே ஒரு வரி போடுங்கள் அண்ணை, எனக்கும் நிம்மதி. குளிசையை மருந்துக்கடைப் போத்தலிலேயே கொண்டுபோங்கள், பெட்டியில் பிரித்துப் போடவேண்டாம்.

மகளிடம் சொல்லுங்கள், குளிர்காலத்தில் கறிவேப்பிலைக்கு மண் காய்ந்தபிறகு மட்டும் தண்ணீர் விட்டால் போதும். ஜன்னல் வெளிச்சம் வேண்டும், ஆனால் இலை கண்ணாடியில் முட்டக்கூடாது. பெப்ரவரியில் இலை கொட்டும், செத்துவிட்டது என்று எறிந்துவிடவேண்டாம், நீங்கள் திரும்பி வரும்போது துளிர்த்துவிடும்.